போட்டுட்டேன், செல்வி

பரசுராமனுக்கு மாத்திரை என்றால் ஆகாது. கல்யாணமான முதல் வருஷமே அன்புச்செல்விக்கு இது தெரிந்துவிட்டது. டைபாய்டு வந்து படுத்திருந்தவனிடம் மாத்திரையையும் சொம்புத் தண்ணீரையும் கொடுத்துவிட்டு அவள் வேலைக்குப் போவாள். திரும்பி வந்து கேட்டால், "போட்டுட்டேன், செல்வி" என்பான். காய்ச்சல் மட்டும் இறங்குவதாக இல்லை. ஒரு நாள் வாசலில் செம்பருத்தித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள். மண்ணிலிருந்து வெள்ளையாக ஏதோ கரைந்து வந்தது. குச்சியால் கிளறினால் உள்ளே ஊறிப்போன மாத்திரைகள். அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"தொண்டையிலயே ஒட்டிக்குது செல்வி. குமட்டிகினு வருது. இன்னா பண்ணச் சொல்ற?"

அதற்கப்புறம் அவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். மகள் யாழினி பிறந்து, அவளுக்கு விவரம் தெரிந்த பிறகு அவளிடமும் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் அந்தச் செம்பருத்தித் தொட்டி இத்தனை வருஷம் கழித்துத் தங்கள் நடுவில் வந்து உட்காரும் என்று இருவருமே நினைக்கவில்லை.

பரசுராமன் தண்ணீர் கேன் போடுகிறவன். ஜானி பாஷாவின் வாட்டர் பிளான்ட்டில் விடியற்காலையில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் கேன்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்தைச் சுற்றியிருக்கிற கெஸ்ட் ஹவுஸ், காபிக்கடை, வாடகை ரூம் எல்லாவற்றுக்கும் அவன்தான். மூன்றாவது மாடியில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரக் கிழவிக்கும் முகம் சுளிக்காமல் தோளில் கேனை ஏற்றிக்கொண்டு போவான். அன்புச்செல்வி வேங்கிக்காலில் அங்கன்வாடி டீச்சர். வீடும் அங்கேயே, கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக வந்த நகரில்.

போன ஐப்பசி மழையில் அவன் பைக்கில் வந்துகொண்டிருந்தபோது குறுக்கே ஒரு கன்றுக்குட்டி ஓடியது. அதைத் தப்பவிட்டு அவன் விழுந்தான். வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எலும்புக்குள் நீளமாகக் கம்பி வைத்தார்கள். தையல் பிரித்தார்கள், புண் ஆறியது, வாக்கர் பிடித்து நடக்கவும் ஆரம்பித்தான். தை பிறந்தால் வண்டி எடுத்துவிடலாம் என்று ஜானி பாஷாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

தை பிறப்பதற்குள் தையல் தழும்புக்குப் பக்கத்தில் சிவந்தது. வீங்கியது. பிறகு ஒரு நாள் மிளகு அளவுக்குத் துளை விழுந்து சீழ் வந்தது.

வேங்கிக்காலிலேயே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் மாறனிடம் போனார்கள். கைராசிக்காரர் என்று பேர். கூட்டம் எப்போதும் வாசல்வரை நிற்கும். அவர் சீழை எடுத்து லேபுக்கு அனுப்பி, என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்து, அதற்கேற்ற மாத்திரை எழுதினார். சொல்லிவைத்த மாதிரி சீழ் நின்றது. துளை மூடியது. மாத்திரை முடிந்து கொஞ்ச நாளில் மறுபடியும் சிவந்து, அதே இடத்தில் திறந்துகொண்டது. மறுபடியும் லேப், அதே கிருமி, அதே மாத்திரை. மறுபடியும் ஆறியது, மறுபடியும் திறந்தது.

அந்தத் தடவை மாறன் லேப் ரிப்போர்ட்டை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார்.

"இந்தக் கிருமி இந்த மருந்துக்குத் தாங்காது. லேப்ல போட்டா செத்துப்போகுதுன்னு தெளிவா போட்டிருக்கான். உங்க கால்ல மட்டும் எப்படிங்க சாகாம இருக்கும்?" என்றவர், பரசுராமனை விட்டுவிட்டு அன்புச்செல்வி பக்கம் திரும்பினார். "ஒழுங்கா மாத்திரை போடறாராம்மா?"

பரசுராமன் அவளைப் பார்த்தான். அவள் 'போடறாரு சார்' என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்துக் கண்ணுக்குள் செம்பருத்தித் தொட்டி வந்து நின்றது. அவள் டாக்டர் மேஜைக்குக் கீழே தெரிந்த தரையைப் பார்த்தாள்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்த பிறகுதான் அவன் பேசினான்.

"நீ கூட நம்பல, இல்ல?"

"நான் இன்னாங்க சொன்னேன்? ஒண்ணுமே சொல்லலியே."

"அதத்தான் சொல்றேன். ஒண்ணுமே சொல்லல."

"அப்பா தினமும் போட்டாரும்மா, நான் பாத்தேன்" என்றாள் யாழினி கதவோரத்தில் நின்றுகொண்டு. ஒரு பிஸ்கட் பாக்கெட் கிடைத்தால் அப்பாவுக்காக எதை வேண்டுமானாலும் பார்த்ததாகச் சொல்கிற பெண் அவள். அன்புச்செல்வி அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து அவள் தேட ஆரம்பித்தாள். மெத்தைக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், குளியலறை ஜன்னல் மேட்டில், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில். எங்கும் எதுவும் இல்லை. கடைசியில் வாசலுக்குப் போய், ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு செம்பருத்தித் தொட்டி முன்னால் குந்தினாள். நன்றாக அடிவரை கிளறினாள். மண்புழுவும் வேரும்தான் இருந்தன. நிமிர்ந்து பார்த்தபோது, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் முகம் தெரிந்தது. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தானோ.  மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

மூன்றாவது தடவை மாத்திரை எழுதிக்கொடுத்தபோது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, மதியச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவர அனுமதி வாங்கினாள். காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் மாத்திரையை அவளே உறையிலிருந்து பிரித்து அவன் வாயில் போட்டாள். அங்கன்வாடியில் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாளில் பிள்ளைகளிடம் என்ன செய்வாளோ அதையே அவனிடமும் செய்தாள்.

"முழுங்கியாச்சா? நாக்க நீட்டுங்க. மேல தூக்குங்க. இந்தக் கன்னம்... அந்தக் கன்னம்..."

முதல் நாள் அவன் முறைத்தான். அப்புறம் அவள் சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினான். யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் லேசாகச் சிரித்தான். அன்புச்செல்விக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவன் மாத்திரை விழுங்குவதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

கட்டில் விளிம்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். கண்ணை மூடிக்கொள்வான். வாழைப்பழத்தில் ஒரு துண்டைக் கிள்ளி, அதற்குள் மாத்திரையைச் செருகி, மெல்லாமல் உள்ளே தள்ளுவான். தொண்டை ஏறி இறங்கும். குமட்டும். நெற்றியெல்லாம் வேர்த்து, கண்ணில் தண்ணீர் நிற்கும். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "ம், ஆச்சு" என்பான்.

"இந்த வாழப்பழம் எப்ப பழகினீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"மொத தடவ எழுதிக் குடுத்தாரே, அப்பவே. வெறும் தண்ணில போவல. காலு சரியாவணுமே. நானே ரோசன பண்ணிக் கண்டுபிடிச்சேன்."

கூடையில் வாழைப்பழம் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்துபோவதை அவள் கவனித்திருந்தாள். யாழினி தின்றுவிடுகிறாள் என்று நினைத்து அவளைத் திட்டவும் செய்திருந்தாள். இப்போது அடுப்படியில் போய் நின்றுகொண்டு, கூடையில் மீதியிருந்த ஒற்றைப் பழத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

புண் ஆறியது. மாத்திரை தீர்ந்தது. காயம் ஆறிய இடத்தில் புதுத்தோல் ரோஜா நிறத்தில் வந்திருந்தது. இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெந்நீரில் துணி நனைத்து அவன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தவள், கையை அப்படியே நிறுத்தினாள். புதுத்தோலின் நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி. லேசாக அழுத்தினாள். சீழ்.

துணி அவள் கையிலிருந்து நழுவியது. அவன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள்.

"ஏய், இன்னா ஆச்சு? எழுந்திரு. கால்ல போய்..."

"போட்டீங்க" என்றாள். "ஒரு வேள கூட விடல. நான் பாத்தேன். நீங்க போட்டீங்க."

"போட்டேன், செல்வி."

"மொத தடவயும் போட்டீங்க. ரெண்டாவது தடவயும் போட்டீங்க."

"போட்டேன்" என்றான்.  அவள் தலையில் கையை வைத்து, முடியைக் கோதிக்கொண்டே இருந்தான். சீழ் வருகிறதே என்ற கவலை அன்று காலை இரண்டு பேருக்குமே கொஞ்ச நேரம் மறந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை மாறனிடம் போனபோது அவள் தரையைப் பார்க்கவில்லை.

"சார், நானே குடுத்தேன். என் கையால குடுத்து, வாயத் தெறக்கச் சொல்லிப் பாத்தேன். ஒண்ணு கூடத் தவறல."

மாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வீட்டுல இருக்கறவங்க சில சமயம் பாசத்துல, திட்டு விழக்கூடாதேன்னு, ஒண்ணு ரெண்டு விட்டிருந்தாலும் சொல்ல மாட்டாங்க."

அன்புச்செல்விக்குக் காதெல்லாம் சுட்டது. உண்மையைச் சொல்லியும் நம்பாவிட்டால் மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்தது. பக்கத்தில் பரசுராமன் அவள் முழங்கையை மெதுவாகத் தொட்டான்.

"அவ பொய் சொல்ல மாட்டா சார்" என்றான்.

மாறன் கெட்டவர் இல்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "எனக்கும் புரியலம்மா. பழைய ரிப்போர்ட்டப் பத்தி கேக்கணும்னு அந்த லேப் டாக்டரே எனக்குப் போன் பண்ணியிருந்தாங்க, நான்தான் திருப்பிக் கூப்பிடல. இந்தத் தடவ சீழ நீங்களே நேர்ல கொண்டுபோய்க் குடுங்க. அவங்ககிட்டயே கேளுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

லேப் ஊருக்குள் ஒரு மாடியில் இருந்தது. ஜானி பாஷா குட்டியானையிலேயே இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பரசுராமனால் படி ஏற முடியாது. அவனும் பாஷாவும் வண்டியிலேயே இருக்க, அன்புச்செல்வி மட்டும் மேலே போனாள். டாக்டர் சிந்துஜா முப்பது வயதுக்குள்தான் இருப்பாள். ராத்திரித் தூக்கம் இல்லாத களைப்பு முகத்தில் தெரிந்தது. பெயரைச் சொன்னதுமே எழுந்துவிட்டாள்.

"பரசுராமன் வீட்டுக்காரங்களா? உக்காருங்கக்கா. உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன்."

"டாக்டரம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இவரு மாத்திர போடலன்னா மட்டுந்தான் இப்படி வருமா?"

"இல்லக்கா" என்றாள் சிந்துஜா உடனே. "போட்டாலும் வரும்."

அன்புச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சிந்துஜா தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். மூடிபோட்ட வட்டத் தட்டு ஒன்று. அதில் பால் ஏடு படர்ந்த மாதிரி கிருமி வளர்ந்திருந்தது. நடுவில் பொட்டு அளவுக்கு ஒரு மருந்து வில்லை. அதைச் சுற்றி மட்டும் எதுவும் வளராமல் நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டினாற்போல் சுத்தமாக இருந்தது.

"மருந்து பரவின இடத்துல எல்லாம் செத்துப்போச்சு. இதப் பாத்துத்தான் மாத்திரை எழுதறாங்க. ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப இதே ரிப்போர்ட் வந்ததும் எனக்குச் சந்தேகம். அதனால மருந்து வில்லையை எடுத்துட்டு, அதே இடத்துல கிருமிக்குச் சாப்பாடு வெச்ச வில்லையை வெச்சுப் பாத்தேன்." அடுத்த படத்தைக் காட்டினாள். சுத்தமாக இருந்த வட்டத்துக்குள் ஊசிமுனையால் குத்தினாற்போல் சின்னச் சின்னப் புள்ளிகள். "பாருங்க. எல்லாம் செத்துப்போச்சுன்னு நெனச்ச எடத்துல, சிலது சாகாம இருந்திருக்கு."

"மருந்து பழகிப்போச்சுன்னு சொல்றாங்களே, அதுவா?"

"அது வேறக்கா. பழகிப்போன கிருமின்னா, அதோட குட்டிங்களுக்கும் மருந்து ஏறாது. நான் இந்தப் புள்ளிய எடுத்து மறுபடி வளத்து, அதே மருந்தப் போட்டேன். முன்ன மாதிரியே செத்துப்போச்சு. அப்ப இது மருந்த ஜெயிச்ச கிருமி இல்ல." சிந்துஜா கைப்பேசியை மேஜையில் வைத்தாள். "இந்த மருந்து எப்படிக் கொல்லுதுன்னா, கிருமி வளரும்போது தன்னச் சுத்திச் சுவர் கட்டும். அந்தச் சுவர் வேலைக்குள்ள பூந்து கெடுத்துடும், கிருமி வெடிச்சுடும். ஆனா கூட்டத்துல எப்பவுமே சிலது சும்மா படுத்துத் தூங்கிக்கிட்டு இருக்கும். வளராது, சுவர் கட்டாது. மருந்து வந்தாலும் கெடுக்கறதுக்கு அங்க வேலையே நடக்கல. மாத்திரை முடிஞ்சு மருந்து உடம்ப விட்டுப் போனதும், அது எழுந்துக்கும். ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். உங்களுக்குத் திரும்ப சீழ் வரும்."

"மருந்து வருதுன்னு தெரிஞ்சு தூங்குமா?"

"தெரிஞ்சுன்னு சொல்ல முடியாதுக்கா. பாதி தற்செயல். பாதி, பட்டினி. உள்ள கம்பி இருக்குல்ல? அது மேல வழவழன்னு ஒரு படலம் கட்டிக்கிட்டு ஒட்டியிருக்கும். படலத்துக்கு அடியில இருக்கறதுக்குச் சாப்பாடு கம்மி. அதனால தூங்கறது ஜாஸ்தி."

அன்புச்செல்விக்கு எல்லாம் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. எழுந்து நின்றாள்.

"அப்ப இவரு மேல தப்பே இல்ல."

"ஒரு துளி கூட இல்ல. ஒழுங்கா போட்டதாலதான் கால் இந்த அளவுக்காவது இருக்கு. விட்டிருந்தா இதவிட மோசமாயிருக்கும்."

"இத நீங்களே அவருகிட்ட சொல்றீங்களா, டாக்டரம்மா? கீழ வண்டில இருக்காரு. நான் போய்ச் சொன்னா..." என்றவள் படிப்பக்கம் பார்த்தாள். "நான் நம்பாம இருந்துட்டேன்."

சிந்துஜா கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவளோடு படி இறங்கி வந்தாள். குட்டியானையின் பின்கதவுப் பக்கம் வெயிலில் நின்றபடி, கேன்களின் நடுவே காலை நீட்டி உட்கார்ந்திருந்தவனிடம் மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். பரசுராமன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேனைச் சரியா தேய்க்கலன்னா உள்ள வழவழன்னு ஒண்ணு புடிச்சுக்கும்" என்றான் கடைசியில். "தண்ணி ஊத்தி எத்தினி தடவ கொலுக்கினாலும் போவாது. பிரஷ்ஷு வுட்டுத் தேச்சாத்தான் போவும். அந்த மாதிரியா மேடம்?"

"அதே மாதிரிதான் அண்ணா. அதனாலதான் வெறும் மாத்திரை பத்தாது. கம்பிய எடுத்துட்டு, எலும்ப உள்ள சுரண்டிச் சுத்தம் பண்ணணும். உங்க ஆபரேஷன் பண்ணின டாக்டருக்கு நான் எழுதித் தர்றேன். மாறன் சார்கிட்டயும் பேசறேன்."

"அல்லா" என்றார் ஜானி பாஷா. "பரசு, நீ பாட்டுக்கு முழுங்கிகினு கீற, அது பாட்டுக்குத் தூங்கிகினு கீது."

பரசுராமன் சிரித்தான். காலில் அடிபட்ட நாளிலிருந்து அப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

ஆனால் கம்பியை உடனே எடுக்க முடியவில்லை. புதுச்சேரிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த சர்ஜன், எலும்பு இன்னும் ஒட்டவில்லை, இப்போது எடுத்தால் கால் மறுபடி உடைந்துவிடும் என்றார். எலும்பு கூடும்வரை கிருமியை எழவிடாமல் அமுக்கி வைக்க வேண்டும், பிறகு எடுக்கலாம். அதற்கு இரண்டு வகை மருந்து சேர்த்து எழுதினார். ஒன்று பெரிய சிவப்புக் காப்ஸ்யூல்.

"இத வெறும் வயித்துல போடணும். போட்டா ஒண்ணுக்குப் போறது, வேர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சுக் கலர்ல வரும். பயந்துடாதீங்க" என்றார்.

வெறும் வயிறு என்றால் வாழைப்பழம் கிடையாது. பரசுராமன் முகம் போன போக்கைப் பார்த்து அன்புச்செல்விக்குப் பாவமாக இருந்தது. முதல் நாள் காலை இரண்டு தடவை வாய்வரை கொண்டுபோய்க் கையை இறக்கினான். மூன்றாம் தடவை அவள் கையைப் பிடித்துக்கொண்டு விழுங்கினான். பிடித்த இடம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தான்.

"செல்வி! வந்து பாரேன்! நெஜமாவே ஆரஞ்சுக் கலரு! போட்டேன்னு ப்ரூப்பு!"

"ஐயே, கதவச் சாத்துங்க" என்றாள் அடுப்படியிலிருந்து. "ப்ரூப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ஒரு வாட்டி பாத்துடு."

"நான் பாக்கப்போறதில்ல. எப்பவும் பாக்கப்போறதில்ல."

 பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

கோடை முழுவதும் அப்படியே போயிற்று. ஜானி பாஷா அவன் வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல், தானே செங்கம் ரோட்டு மாடிகளில் ஏறி இறங்கி மூச்சு வாங்கினார். அன்புச்செல்வி காலையில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கொழுக்கட்டை அவித்து, சாயங்காலம் வீட்டில் அவன் காலைத் துடைத்தாள். துளை மூடியிருந்தது. ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்தக் காலோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமாக இல்லை. அவன் வெளியே சிரித்துப் பேசுவான். ஒரு நாள் தலையணை உறையைத் துவைக்க எடுத்தவள், அதன் ஓரத்தில் செம்மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாகக் கறை இருப்பதைக் கண்டாள். முதலில் குழம்புக் கறை என்று நினைத்தாள். அப்புறம் சர்ஜன் சொன்னது ஞாபகம் வந்தது.

அவள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தனியா இன்னாத்துக்கு அழுவுறீங்க?"

அவன் உறையைப் பார்த்தான். மறைக்க வழியில்லை. "காலு போயிடுமோன்னு. சும்மா இருக்கறப்ப தோணுது. கேன் தூக்காம நான் இன்னா செய்வேன்?"

"என்ன எழுப்பக் கூடாதா?"

"நீயே நாளெல்லாம் அலையுற."

"எழுப்புங்க" என்றாள். "ரெண்டு பேருமா அழுவலாம். எனக்குக் கலரு வராது, அவ்ளோதான்."

அதற்கப்புறம் அவன் எழுப்பினான். சில நாள் அழுதார்கள். பல நாள் எதையாவது பேசிக்கொண்டே, விட்ட இடத்தில் தூங்கிப்போனார்கள்.

ஆடி முடியும்போது எலும்பு கூடிவிட்டது. கம்பியை எடுத்தார்கள். எலும்பின் உள்பக்கத்தைச் சுரண்டிக் கழுவி, மருந்து கலந்த, தானே கரைந்துவிடும் சின்ன மணிகளை உள்ளே வைத்து மூடினார்கள். கம்பியிலிருந்து சுரண்டி எடுத்ததைச் சிந்துஜாவின் லேபுக்கும் அனுப்பச் சொல்லி பரசுராமன்தான் கேட்டுக்கொண்டான். வெகுநாள் கழித்து அவள் போன் பண்ணினாள். தட்டில் முதலில் எதுவுமே வரவில்லை, தூக்கிப் போடாமல் காத்திருந்தேன், கடைசியில் ஊசிமுனை அளவுக்கு வந்தது, அதே கிருமிதான் என்றாள். மாறன் ஒரு நாள் கிளினிக் மூடியபின் தானே வீட்டுக்கு வந்து காலைப் பார்த்துவிட்டு, அன்புச்செல்வி கொடுத்த டீயைக் குடித்தார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றார். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்து வந்த மழைக்காலத்தில் யாழினிக்குக் காய்ச்சல் வந்தபோது அவரிடம்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

மாத்திரை இன்னும் சில மாதம் தொடர்ந்தது. பிறகு அதுவும் நின்றது. ஒவ்வொரு நாளும் காலையில் இருவரும் சேர்ந்து அந்தத் தழும்பைப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம், மூன்றாவது வாரம் என்று பயந்து பயந்து தாண்டினார்கள். திறக்கவில்லை. பங்குனியில் சர்ஜன் கடைசியாக ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்து, காலைத் தட்டிப் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்த்து, வண்டி ஓட்டலாம் என்றார்.

"இனிமே வராதில்ல, சார்?" என்று கேட்டாள் அன்புச்செல்வி.

"பெரும்பாலும் வராது. ஆனா ஒண்ணு கூட மிச்சமில்லன்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாதும்மா. செவந்தா உடனே வாங்க."

வெளியே வந்து பஸ் ஏறும்வரை அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் அவளும் பக்கத்தில் அவனுமாக உட்கார்ந்திருந்தார்கள். கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றபோது வேர்க்கடலை மூட்டையும் ஆட்களுமாகக் கூட்டம் ஏறி நெருக்கித் தள்ளியது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் கம்பியைப் பிடிக்க முடியாமல் தள்ளாடினாள். பரசுராமன் சட்டென்று எழுந்து, "இங்க உக்காரும்மா" என்றான்.

"ஏங்க, நீங்க உக்காருங்க. நான் எழுந்துக்கறேன்" என்று அன்புச்செல்வி பதறினாள்.

"இரு. நான் நிக்கறேன்."

"அந்தக் காலு..."

"அந்தக் கால்லதான் நிக்கறேன்" என்றான்.

பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. அவன் மேல்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வலது காலை நன்றாக ஊன்றி, ஆட்டத்துக்கு ஏற்ப உடம்பைக் கொடுத்து நின்றான். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் குழந்தை அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தது. அவன் குனிந்து அதனிடம் ஏதோ முகம் காட்டினான். இந்தக் கால் நாளைக்குச் சிவக்குமோ, சிவக்காதோ. சிவந்தால் இருவரும் சேர்ந்து மறுபடி இந்த பஸ்ஸில் வருவார்கள். அவள் பஸ்ஸில் ஏறியிருந்த கடலைக்காரனிடம் ஒரு பொட்டலம் வாங்கி, உரித்து உரித்து, நின்றுகொண்டிருந்தவன் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.